நூறு புள்ளிகள்: ஒரு கணக்கேட்டைத் திறனாய்வோம்

ஒரு நூலைத் திறனாய்வு செய்கிறோம். ஒரு நாடகத்தைச் செய்கிறோம். எண்கள் மட்டுமே நிறைந்த ஓர் அட்டவணையைத் திறனாய்வு செய்ய முடியுமா? முடியும், செய்யவும் வேண்டும். நூலில் பொய் இருந்தால் வாசகர் ஐயப்படுவார். எண்ணைக் கண்டாலோ நம்மில் பலர் கைகட்டி நின்றுவிடுகிறோம். ‘எண் பொய் சொல்லாது’ என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. எண் பொய் சொல்வதில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அது முழுவதையும் சொல்கிறதா?

இந்தக் கேள்விக்கு விடை காண ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தின் மிகப் புகழ்பெற்ற கணக்கேடு. 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில், சாக்லேட்டுக்குப் பெயர்போன ஹெர்ஷி என்னும் சிற்றூரில், பிலடெல்பியா வாரியர்ஸ் அணியும் நியூயார்க் நிக்ஸ் அணியும் மோதின. வாரியர்ஸ் 169, நிக்ஸ் 147. அந்த 169 புள்ளிகளில் 100 புள்ளிகளை எடுத்தவர் ஒரே ஆட்டக்காரர்: வில்ட் சேம்பர்லின். அவர் உயரம் 216 செ.மீ.

அந்த ஆட்டத்தை அரங்கில் நேரில் கண்டவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பாகவில்லை. நமக்குக் கிடைத்திருப்பவை கடைசிப் பகுதியின் வானொலி வருணனை ஒலிப்பதிவு, ‘100’ என்று எழுதிய தாளைச் சேம்பர்லின் கையில் பிடித்திருக்கும் புகைப்படம், ஆட்டத்தின் கணக்கேடு, கண்டவர்களின் நினைவுகள் ஆகியவையே. ஆட்டத்தை முழுமையாகத் தழுவி நிற்கும் சான்று கணக்கேடு ஒன்றுதான். எனவே அதனை ஒரு சாட்சியாகக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம். ஆய்வுக்கூடத்தில் ஒரு புதிய கருவியைக் கையில் எடுத்தால் அதன் மீச்சிற்றளவு என்ன, சுழிப்பிழை என்ன என்று கேட்கிறோம் அல்லவா? அதே கேள்விகளை இதனிடமும் கேட்போம்.

கணக்கேட்டின் அமைப்பு

இத்தகைய அட்டவணையை அமெரிக்கர்கள் ‘பாக்ஸ் ஸ்கோர்’ என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹென்றி சாட்விக் என்னும் பத்திரிகையாளர் பேஸ்பால் ஆட்டத்துக்காக இதனைப் புகழ்பெறச் செய்தார். 1891 இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியபின், இந்தக் கணக்கு முறை அதற்கும் வந்து சேர்ந்தது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வரி. அந்த வரியில் அவர் ஆடிய நிமிடங்கள், கூடையை நோக்கி எறிந்தவை, அவற்றுள் விழுந்தவை, ஃப்ரீ த்ரோ வாய்ப்புகள், விழுந்த ஃப்ரீ த்ரோக்கள், ரீபவுண்டுகள், அசிஸ்டுகள், ஃபவுல்கள், மொத்தப் புள்ளிகள் ஆகியன இருக்கும்.

ஆட்ட ஓட்டத்தில் விழும் ஒரு கூடைக்கு 2 புள்ளிகள். எதிரணியின் ஃபவுலுக்காக, எவரும் மறிக்காத நிலையில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோவுக்கு 1 புள்ளி. தொலைவிலிருந்து எறிந்தால் 3 புள்ளிகள் என்னும் விதி இந்தப் போட்டித் தொடருக்கு 1979 இல்தான் வந்தது. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது ரீபவுண்டு. சக ஆட்டக்காரர் உடனே கூடை போடும்படி பந்தைக் கொடுப்பது அசிஸ்ட்.

சேம்பர்லினின் வரி இதுதான்: 48 நிமிடங்கள்; 63 எறிகளில் 36 கூடைகள்; 32 ஃப்ரீ த்ரோக்களில் 28; ரீபவுண்டுகள் 25; அசிஸ்டுகள் 2; புள்ளிகள் 100.

முதல் சோதனை: கணக்கு பொருந்துகிறதா?

36 கூடைகளுக்கு 72 புள்ளிகள்; 28 ஃப்ரீ த்ரோக்களுக்கு 28. கூட்டினால் 100. சரி. அணியின் கணக்கைப் பார்ப்போம். வாரியர்ஸ் 115 எறிகளில் 63 கூடைகளும், 52 ஃப்ரீ த்ரோக்களில் 43-உம் போட்டது. 126 உடன் 43 சேர்ந்தால் 169. நிக்ஸ் 118 எறிகளில் 57 கூடைகளும், 41 ஃப்ரீ த்ரோக்களில் 33-உம் போட்டது. 114 உடன் 33 சேர்ந்தால் 147. ஆட்டக்காரர்களின் வரிகளை மேலிருந்து கீழாகக் கூட்டினாலும் இதே எண்கள்தாம் வருகின்றன. குறுக்காகவும் நெடுக்காகவும் கூட்டிச் சரிபார்க்க முடிவது, நல்ல கடைக்கணக்குக்குரிய இலக்கணம். இந்தச் சாட்சி கணக்கில் நேர்மையானது என்று முதலிலேயே பதிவு செய்துகொள்வோம்.

இன்னொரு நன்மையும் உண்டு. வெற்றி எங்கிருந்து வந்தது என்பதையும் இது காட்டுகிறது. வாரியர்ஸ் 22 புள்ளிகளில் வென்றது. அதில் 12 புள்ளிகள் கூடுதலாகப் போட்ட 6 கூடைகளால் வந்தவை. 10 புள்ளிகள் கூடுதலாகப் போட்ட 10 ஃப்ரீ த்ரோக்களால் வந்தவை. நிக்ஸ் அணி 3 எறிகள் அதிகமாகவே எறிந்தும் தோற்றது. ஆக, கூடைகளைப் பொறுத்தவரை வேறுபாடு எறிந்த எண்ணிக்கையில் இல்லை. விழுந்த விகிதத்தில் இருந்தது. அரைப் பக்க அட்டவணையில் இவ்வளவு செய்தி அடங்கியிருப்பது பாராட்டுக்குரியது.

இரண்டாவது சோதனை: எண்ணிக்கையா, விகிதமா?

அதே அணியில் அல் ஆட்டில்ஸ் என்பவரும் ஆடினார். அவர் 8 முறை எறிந்தார், எட்டும் விழுந்தன. கிடைத்த ஒரே ஃப்ரீ த்ரோவும் விழுந்தது. மொத்தம் 17 புள்ளிகள். ஒரு தவறுகூட இல்லை! சேம்பர்லினின் விகிதம் 57.1 விழுக்காடு, ஆட்டில்ஸின் விகிதம் 100 விழுக்காடு. அப்படியானால் அன்றிரவு சிறந்த ஆட்டக்காரர் ஆட்டில்ஸ்தானா?

அவசரப்பட வேண்டாம். இரு வரிசையில் பாதி எறிகளைப் போடக்கூடிய ஓர் ஆட்டக்காரர், எட்டு எறிகளையும் தொடர்ந்து போடுவதற்கான நிகழ்தகவு இரண்டில் ஒன்றை எட்டு முறை பெருக்கினால் கிடைக்கும்: 256 இல் ஒன்று. அரிதுதான், ஆனால் அந்தப் பருவத்தில் 9 அணிகள், அணிக்கு 80 வீதம் 360 ஆட்டங்கள் ஆடின. ஒவ்வோர் ஆட்டத்திலும் எட்டு எறிகளோ அதற்கு மேலோ எறிந்தவர்கள் பலர். இத்தனை ஆயிரம் வரிகளில் ஒருசில இப்படி அமைவது இயற்கையே. சிறிய எண்ணிக்கையிலிருந்து வரும் விகிதம் காற்றில் ஆடும் தராசு முள் போன்றது. அது அமைதியடையுமுன் எடையைப் படிக்கக் கூடாது.

ஆட்டில்ஸைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. எதிரணியின் கண்கள் எல்லாம் சேம்பர்லின் மீது இருந்தபோது மற்றவர்களுக்குத் திறந்த வாய்ப்புகள் கிடைத்திருக்கலாம். சேம்பர்லினை நீக்கிவிட்டால், மற்ற வாரியர்ஸ் ஆட்டக்காரர்கள் 52 எறிகளில் 27 கூடைகள் போட்டனர், 51.9 விழுக்காடு. நிக்ஸ் அணியின் 48.3 விழுக்காட்டைவிட இது மேல். இது சேம்பர்லின் இருந்ததால் விளைந்த நன்மையா, அவர்களின் சொந்தத் திறமையா? கணக்கேட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி வரி என்னும் அமைப்பே, ஒருவர் மற்றொருவரைப் பாதிப்பதை மறைத்துவிடுகிறது.

மூன்றாவது சோதனை: தற்செயலின் பங்கு

சேம்பர்லினின் 28 ஃப்ரீ த்ரோக்களைக் கவனியுங்கள். அவரது வாழ்நாள் குறைபாடே ஃப்ரீ த்ரோதான். ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் அவரது விகிதம் 51 விழுக்காடு. 1961-62 பருவத்தில் மட்டும் அது 61.3 விழுக்காடாக உயர்ந்தது. அதுவே அவருடைய மிகச் சிறந்த பருவம். அந்த ஆண்டு அவர் பந்தை இரு கைகளாலும் முழங்காலருகே பிடித்து, கீழிருந்து மேலாக வீசினார்.

இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இங்கே சற்று நிற்கலாம். கூடை வளையத்தின் விட்டம் சுமார் 45 செ.மீ.; பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. பந்து செங்குத்தாக இறங்கினால் முழு 45 செ.மீ. அகலமும் அதற்கு வாயில். கிடைமட்டத்துக்கு 45 பாகைச் சாய்வில் வந்தால் வாயிலின் அகலம், 45-ஐ அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க, 32 செ.மீ. ஆகச் சுருங்குகிறது. 30 பாகையில் வந்தால் 22.5 செ.மீ.; அதாவது பந்தைவிடச் சிறியது; வளையத்தில் உரசாமல் நுழையவே முடியாது. கீழிருந்து மெல்ல உயர்த்தி வீசும் பந்து உயரமான வளைவில் சென்று செங்குத்தாக இறங்கும். மெல்லப் பின்சுழல்வதால், வளையத்தைத் தொட்டாலும் துள்ளி ஓடாது. முறை நல்ல முறைதான். ஆயினும் சேம்பர்லின் பிற்பாடு அதைக் கைவிட்டார். 1967-68 பருவத்தில் அவரது விகிதம் 38 விழுக்காட்டுக்குச் சரிந்தது.

நிற்க. பருவம் முழுவதும் அதே முறையில் வீசியவருக்கு அந்த இரவில் மட்டும் 87.5 விழுக்காடு வந்தது எப்படி? 61.3 விழுக்காடு திறமையுள்ளவர் 32 முறை வீசினால் சராசரியாக 19 அல்லது 20 விழும் என எதிர்பார்க்கலாம். திட்ட விலக்கம் சுமார் 2.75. எனவே 28 என்பது சராசரிக்கு மேல் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் இருக்கிறது. ஈருறுப்புப் பரவலைக் கொண்டு கணக்கிட்டால், 28 அல்லது அதற்கு மேல் விழுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 900 இல் ஒன்று. விரும்பும் வாசகர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அன்றிரவு வழக்கம்போல 20 மட்டும் விழுந்திருந்தால், மற்றவை அப்படியே இருக்க, அவர் கணக்கு 92 ஆக இருந்திருக்கும். 92 புள்ளிகளும் மலைக்க வைப்பதே. ஆனால் ‘நூறு’ என்னும் மந்திரம் அதில் இல்லை. அப்படியானால் அந்த நூறில் ஏறக்குறைய எட்டுப் புள்ளிகள் தற்செயலின் கொடை எனலாம். இதில் சேம்பர்லினுக்கு இழிவு ஏதுமில்லை. ஓராண்டின் எத்தனையோ ஆட்டங்களிலிருந்து மிக உயர்ந்த ஒன்றை நாம் பொறுக்கி எடுக்கும்போது, திறமையும் நல்வாய்ப்பும் ஒன்றாகச் சேர்ந்த நாளைத்தான் எடுக்கிறோம். உச்சங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஓர் உச்சத்தைக் கண்டு ‘இதுவே இவர் அளவு’ என்று எண்ணக் கூடாது.

நான்காவது சோதனை: எதனால் வகுப்பது?

2006 ஜனவரி 22 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் கோபி பிரையன்ட், டொரான்டோ ராப்டர்ஸ் அணிக்கெதிராக 81 புள்ளிகள் எடுத்தார். லேக்கர்ஸ் 122, ராப்டர்ஸ் 104. அவர் 46 எறிகளில் 28 கூடைகள் போட்டார். அவற்றுள் 7 மூன்று புள்ளிக் கூடைகள். 20 ஃப்ரீ த்ரோக்களில் 18 விழுந்தன. ஏறத்தாழ 42 நிமிடங்கள் ஆடினார்.

100 பெரிதா, 81 பெரிதா? குழந்தையும் விடை சொல்லும். ஆனால் வகுத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை புள்ளிகள் என்று கேட்டால் சேம்பர்லின் 2.08, பிரையன்ட் 1.93, முன்னவரே மேல். அணியின் புள்ளிகளில் எத்தனை பங்கு என்று கேட்டால் சேம்பர்லின் 59 விழுக்காடு, பிரையன்ட் 66 விழுக்காடு, பின்னவர் மேல். ஒரு வாய்ப்புக்கு எத்தனை புள்ளிகள் என்று கேட்போம். ஃப்ரீ த்ரோக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதால், இக்காலக் கணக்கர்கள் ஒரு ஃப்ரீ த்ரோவை 0.44 வாய்ப்பாகக் கொள்வர். அந்தத் தோராயத்தை 1962-க்கும் பொருத்தினால், சேம்பர்லினுக்கு 77 வாய்ப்புகளில் 100 புள்ளிகள். பிரையன்டுக்கு சுமார் 55 வாய்ப்புகளில் 81. அதாவது 1.30-உம் 1.48-உம். இங்கும் பின்னவரே மேல்.

கடைசியாக, காலத்தால் வகுப்போம். 1961-62 இல் ஆட்டம் மிக விரைவாக ஓடியது. ஓர் அணி சராசரியாக ஆட்டத்துக்கு 118.8 புள்ளிகள் எடுத்தது. 2005-06 இல் அந்தச் சராசரி 97.0. இருவரின் புள்ளிகளையும் அந்தந்தக் காலத்தின் அணிச் சராசரியால் வகுத்தால் இருவருக்கும் 0.84 என்றே வருகிறது! 44 ஆண்டு இடைவெளியில், ஒவ்வொருவரும் ஒரு சராசரி அணியின் ஆறில் ஐந்து பங்கு வேலையைத் தனியே செய்தனர்.

‘யார் பெரியவர்?’ என்னும் கேள்விக்கு நான்கு விடைகள் கிடைத்தன. எதுவும் பிழையான விடை அன்று. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை. வேகம் வேண்டுமா, சராசரி வேகம் வேண்டுமா, இடப்பெயர்ச்சி வேண்டுமா என்று தெளிவாகக் கேட்காமல் இயக்கக் கணக்கில் இறங்கும் மாணவர் எப்படித் தடுமாறுவாரோ, அப்படித்தான் வகுக்கும் எண்ணைத் தேர்ந்தெடுக்காமல் ஆட்டக்காரர்களை ஒப்பிடுபவரும் தடுமாறுவார்.

ஐந்தாவது சோதனை: அளவையே ஆட்டத்தை மாற்றினால்?

அந்த ஆட்டத்தின் நான்கு பகுதிகளையும் தனித்தனியே காண்போம்.

முதல் பகுதி: வாரியர்ஸ் 42, நிக்ஸ் 26; சேம்பர்லின் 23.
இரண்டாம் பகுதி: வாரியர்ஸ் 37, நிக்ஸ் 42, சேம்பர்லின் 18.
மூன்றாம் பகுதி: வாரியர்ஸ் 46, நிக்ஸ் 38, சேம்பர்லின் 28.
நான்காம் பகுதி: வாரியர்ஸ் 44, நிக்ஸ் 41, சேம்பர்லின் 31.

வாரியர்ஸ் அணியின் முன்னிலை பெரும்பாலும் முதல் 12 நிமிடங்களிலேயே ஈட்டப்பட்டது: 16 புள்ளிகள். சேம்பர்லின் மிக அதிகமாக, 31 புள்ளிகள் எடுத்த கடைசிப் பகுதியில் அணிக்குக் கிடைத்த கூடுதல் லாபம் வெறும் 3. மூன்று பகுதிகள் முடிந்தபோது 125-106 என்று வாரியர்ஸ் 19 புள்ளிகள் முன்னே இருந்தது. ஆட்டம் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. சேம்பர்லினின் கணக்கு அப்போது 69.

அதன்பின் நடந்தது கூடைப்பந்துதானா என்றுகூடக் கேட்கலாம். அரங்கம் நூறை எதிர்பார்த்துக் கத்தியது. வாரியர்ஸ் ஆட்டக்காரர்கள் பந்தைச் சேம்பர்லினிடமே கொண்டுபோய்க் கொடுத்தனர். நூறு தங்கள் தலையில் விழக் கூடாது என்று நிக்ஸ் அணி, பந்து அவர் கைக்குப் போகுமுன் மற்றவர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்தது. தன் முறை வந்தபோது பந்தை மெல்ல மெல்ல நகர்த்தி நேரத்தைக் கடத்தியது. பந்து விரைவில் திரும்ப வேண்டும் என்று வாரியர்ஸ் அணியும் எதிரணியை ஃபவுல் செய்தது. முன்னிலையில் இருக்கும் அணி வலியச் சென்று எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ வழங்குவது ஆட்ட அறிவுக்கே முரணானது. ஆட்டம் முடிய 46 விநாடிகள் இருந்தபோது நூறாவது புள்ளி வந்தது.

முழங்கால் மடக்கி அளவுகோலில் நிற்பவரின் உயரத்தை நம்பலாமா? வெப்பமானியைச் சூடான நீரில் வைத்தால் வெப்பமானியே சிறிதளவு வெப்பத்தை உறிஞ்சி நீரின் வெப்பநிலையைக் குறைக்கிறது என்று நாம் படித்திருக்கிறோம். இங்கே அளவையின் குறுக்கீடு சிறிதளவு அன்று. பத்து ஆட்டக்காரர்களும் ஓர் எண்ணை நோக்கியோ அதற்கு எதிராகவோ ஆடினர். பொருளியலில் இதற்கு ‘குட்ஹார்ட் விதி’ என்று பெயர். ஓர் அளவை, அளவையாக இருக்கும்வரை பயன்படும். அதுவே குறிக்கோளாகிவிட்டால் அளக்கும் தன்மையை இழக்கும். கணக்கேட்டிலோ முதல் பகுதியின் 23 புள்ளிகளும் கடைசிப் பகுதியின் 31 புள்ளிகளும் ஒரே கட்டத்தில், ஒரே மதிப்போடு உட்கார்ந்திருக்கின்றன.

ஆறாவது சோதனை: எழுதப்படாதவை

இதுவரை எழுதியிருப்பதைப் பார்த்தோம். எழுதாததையும் பார்க்க வேண்டும். எதிராளியின் எறியைத் தடுத்தல், பந்தைப் பறித்தல் ஆகியவற்றை இந்தத் தொடரில் 1973-74 பருவத்திலிருந்துதான் குறிக்கத் தொடங்கினர். ரீபவுண்டைத் தாக்கும் பக்கம், தடுக்கும் பக்கம் என்று பிரித்ததும் அப்போதுதான். பந்தைக் கோட்டைவிட்ட கணக்கு 1977-78 இல் வந்தது. ஆகவே 1962 இல் எத்தனை முறை சேம்பர்லின் எதிரணியின் பந்தைத் தடுத்தார், எத்தனை முறை பந்தை இழந்தார் என்பதற்கு அதிகாரபூர்வமான எண்ணே கிடையாது. அசிஸ்ட் என்பதோ கணக்கெழுதுபவரின் கண்ணையும் மனத்தையும் பொறுத்தது. கை ராட்ஜர்ஸ் அன்று 20 அசிஸ்டுகள் செய்தார் என்று ஏடு சொல்கிறது. அவர் எடுத்த புள்ளிகள் 11 மட்டுமே. நூறின் ஒளியில் அந்த இருபது கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. நிக்ஸ் அணியின் வழக்கமான நடு ஆட்டக்காரர் அன்று களமிறங்கவில்லை. ஆடாதவரின் வரி எப்படி இருக்கும்? சேம்பர்லினைத் தடுக்க நின்ற டாரல் இம்ஹாஃப் ஃபவுல்கள் மிகுந்து 20 நிமிடங்களே ஆட முடிந்தது.

இதன் விளைவு விளையாட்டாகப் போய்விடவில்லை. அந்தப் பருவத்தில் சேம்பர்லின் 80 ஆட்டங்களில் 4,029 புள்ளிகள் எடுத்தார், சராசரி 50.4. ஆயினும் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைக்கவில்லை; பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரசலுக்குக் கிடைத்தது. ரசலின் சராசரி 18.9 புள்ளிகள்தாம்! அக்காலத்தில் அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்கள். ரசல் எறிகளைத் தடுத்ததை, எறியவே எதிராளி அஞ்சியதை, அவர்கள் தம் உடம்பால் உணர்ந்தவர்கள். அதற்கெல்லாம் ஏட்டில் அன்று கட்டம் இல்லை. பாஸ்டன் 60 வெற்றிகள் பெற்றது, வாரியர்ஸ் 49. கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் இரு அணிகளும் ஏழாவது ஆட்டம்வரை போராடின. பாஸ்டன் 109-107 என்று வென்று, பின் கோப்பையையும் கைப்பற்றியது.

ஆட்டக்காரர்கள் சொன்னதே சரி, எண்கள் சொன்னது தவறு என்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஏழாவது ஆட்டத்தைக் கொண்டு இருவரில் யார் உயர்ந்தவர் என்று நிறுவ இயலாது. சற்று முன்தான் சிறிய எண்ணிக்கையின் ஆபத்தைக் கண்டோம். நான் சொல்ல வருவது இதுதான்: ஏட்டில் கட்டம் இல்லாத உழைப்புக்கு மதிப்பும் இல்லை என்று கொள்வது அறிவியல் ஆகாது. அளக்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல.

புதிய கருவிகள் தீர்த்துவிட்டனவா?

பிற்காலத்தில் இந்தக் குறைகளைப் போக்கப் பலர் முயன்றனர். டீன் ஆலிவர் 2004 இல் வெளியிட்ட நூலில், புள்ளிகளை நிமிடத்தால் வகுப்பதைவிட, அணியின் கைக்குப் பந்து வந்த முறைகளால் வகுப்பதே சரி என்று விரிவாக விளக்கினார். அந்த எண்ணிக்கையைக் கணிக்கத் தாக்கும் பக்க ரீபவுண்டும் பந்தைக் கோட்டைவிட்ட கணக்கும் வேண்டும். 1962 ஏட்டில் அவை இல்லாததால் அந்த ஆட்டத்துக்குச் சரியான விடை இனி ஒருபோதும் கிடைக்காது. குறிக்காமல் விட்ட அளவீட்டை எந்தக் கணிதமும் மீட்டுத் தராது. ஆய்வேட்டை ஒழுங்காக எழுதாத மாணவர்கள் இதைக் கவனிக்க!

இன்னொரு முறை, ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருக்கும்போது அணி எத்தனை புள்ளிகள் முன்னேறியது அல்லது பின்தங்கியது என்று பார்ப்பது. ஷேன் பேட்டியர் என்னும் ஆட்டக்காரரைப் பற்றி 2009 இல் மைக்கேல் லூயிஸ் எழுதிய கட்டுரை இதனைப் பரவலாக்கியது. பேட்டியரின் பழைய பாணிக் கணக்கு வரி மிகச் சாதாரணம். ஆனால் அவர் களத்தில் இருந்தால் அவர் அணி மேம்பட்டது. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரர் மங்கினார். சிறந்த கருத்துதான். எனினும் ஐவர் சேர்ந்து ஆடுகையில் ஈட்டிய புள்ளிகளை ஐவருக்கும் பிரிப்பது, பல மாறிகளுக்கு ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்ப்பது போன்றது. இரண்டு ஆட்டக்காரர்கள் எப்போதும் சேர்ந்தே களத்தில் இருந்தால், அவ்விருவரின் மதிப்பைத் தனித்தனியே பிரிக்கும் சமன்பாடே நமக்குக் கிடைக்காது.

2013-14 பருவத்தில் எல்லா அரங்குகளின் கூரையிலும் ஆறு கேமராக்கள் வைத்து, விநாடிக்கு 25 முறை ஆட்டக்காரர்களின், பந்தின் இடத்தைப் பதிவு செய்யத் தொடங்கினர். கட்டங்கள் பெருகின. ஆனால் நாம் கேட்ட கேள்விகள் மாறவில்லை. எத்தனை முறை அளந்தோம்? எதனால் வகுத்தோம்? எதை அளக்காமல் விட்டோம்? அளக்கிறோம் என்று அறிந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள்? இலட்சம் எண்கள் கிடைத்தாலும் இவற்றைக் கேட்காதவருக்கு அவை வெறும் இரைச்சல்.

நமக்கு இதில் என்ன?

கடல்கடந்த நாட்டில் என்றோ நடந்த ஓர் ஆட்டத்தின் கணக்கு நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் மதிப்பெண் பட்டியலும் ஒரு கணக்கேடுதான், வாசகர்களே. அதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, சில கட்டங்கள், கீழே ஒரு மொத்தம். அது நேர்மையாகக் கூட்டப்பட்டிருக்கும். ஆனால் மூன்று மணி நேரத் தேர்வொன்று ஓராண்டு உழைப்பின் சிறிய மாதிரி என்பதையும், பக்கத்து மாணவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவரின் உழைப்புக்கு அதில் கட்டம் இல்லை என்பதையும், மதிப்பெண்ணே குறிக்கோளானபின் படிப்பு என்ன ஆகிறது என்பதையும் அந்தத் தாள் சொல்லாது. அதைப் பார்ப்பவர்தாம் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்காகப் பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. பட்டியல் இல்லாவிட்டால் அந்த இடத்தை வதந்தியும் செல்வாக்கும் பிடித்துக்கொள்ளும்; எண்ணே இல்லாத தீர்ப்பைவிடக் குறையுள்ள எண் மேல். ஆனால் குறை எது என்று அறிந்து பயன்படுத்த வேண்டும்.

ஹெர்ஷி ஆட்டத்தின் கணக்கேட்டைப் பற்றிய என் முடிவும் அதுவே. அது ஒரு நம்பத்தகுந்த கணக்கர். நடந்ததில் தான் கண்டதை ஒழுங்காக எழுதியது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அதை நீதிபதி இருக்கையில் உட்கார வைத்தது நம் தவறு.

ஒரு சிறு பயிற்சியோடு முடிக்கிறேன். உங்கள் பள்ளியிலோ ஊர் மைதானத்திலோ அடுத்த ஆட்டம் நடக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்காருங்கள். கூடைப்பந்துதான் வேண்டும் என்பதில்லை. கபடியாகவும் இருக்கலாம், கைப்பந்தாகவும் இருக்கலாம். வழக்கமான புள்ளிக் கணக்கை எழுதுங்கள். அதனருகே நீங்களே ஒரு புதிய கட்டம் வரையுங்கள்: யாரும் எண்ணாத, ஆனால் அணிக்கு உதவுவதாக உங்களுக்குத் தோன்றும் ஒன்றை அதில் குறியுங்கள். எதை ‘உதவி’ என்று கொள்வது என்பதை ஆட்டம் தொடங்குமுன்னரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் மாற்றக் கூடாது. நண்பர் ஒருவரையும் தனியே குறிக்கச் சொல்லி, இருவர் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பத்து ஆட்டங்கள் கழித்து, உங்கள் கட்டத்தில் முதலிடம் பெற்றவர் யார், புள்ளியில் முதலிடம் பெற்றவர் யார் என்று ஒப்பிடுங்கள். இருவரும் ஒருவரேயானால் பழைய ஏட்டின் மீது உங்கள் நம்பிக்கை கூடும். வெவ்வேறானால், இதுவரை கைதட்டல் கிடைக்காத ஒருவரை நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.